துணைக்கு ஒரு குரல்

யாருமில்லாத பட்டறையில் ஜெயபிரியா “போடுதேன்!” என்று சத்தம் கொடுத்தது வெறும் பழக்கத்தில். “போடு” என்று பதில் வந்ததும் அவள் சுவிட்சை அமுக்கியதும் அதே பழக்கத்தில்தான். மில்லிங் மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பி, அவள் சுவரோரத்திலிருந்து சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, கட்டர் அலுமினியத் தட்டின் விளிம்பைத் தொட்டு முதல் பிசிறு பறந்து அவள் போட்டிருந்த கண்ணாடியில் தெறித்த பிறகுதான், அந்தப் பதிலைச் சொன்னது யார் என்று அவள் மனசு கேட்டது.

ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். கட்டர் சுற்றி ஓய்ந்து நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு காதைக் கொடுத்தாள். தகரக் கூரையில் சாரல் சர்ரென்று இறங்கிக்கொண்டிருந்தது. ரோட்டில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற வேன் ஒன்று பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு கடந்து போனது. எவனோ வேனிலிருந்து கத்தியிருப்பான் என்று நினைத்துக்கொள்ள அவளுக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. ஆனால் வேன் இப்போதுதான் வருகிறது, பதில் முன்பே வந்துவிட்டது.

மேலகரத்தைத் தாண்டிக் குற்றாலம் போகிற ரோட்டில், பழைய சோடா கம்பெனி ஷெட்டைப் பிடித்து, தனியாக மெஷின் வாங்க வழியில்லாத ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்துகிற பொதுப் பட்டறை அது. மில்லிங் மெஷினைக் கோயம்புத்தூரில் பழசாக வாங்கி வந்தார்கள். ஆளைவிட உயரம். அதன் சுவிட்சை எந்தப் புண்ணியவானோ பின்சுவரில் கொண்டுபோய் வைத்துவிட்டான். சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றால் மெஷினின் முதுகு மட்டும்தான் தெரியும். முன்னால் கட்டருக்கு அடியில் யார் கை இருக்கிறது என்று தெரியாது. சுவிட்சை முன்னால் மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுவார்கள், டீ குடிப்பார்கள், கலைந்து போவார்கள். அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். துணைக்கு ஒரு ஆள் இல்லாமல் மெஷினைப் போடக் கூடாது. போடுகிறவர் “போடுதேன்” என்று கத்த வேண்டும். முன்னால் நிற்கிற துணை ஆள், கை எல்லாம் வெளியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு “போடு” என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் சுவிட்சைத் தொடக் கூடாது.

இன்றைக்கு அவளுக்குத் துணை சாஜிதா. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஸ்கூலிலிருந்து போன் வந்து அவள் மத்தியானமே கிளம்பிவிட்டாள். சுந்தரபாண்டியபுரத்து விவசாயிகளுக்காக ஜெயபிரியா செய்துகொண்டிருக்கும் களையெடுக்கும் மெஷினுக்கு, அலுமினியத் தட்டு ஒன்றில் நீளப் பள்ளமாக இரண்டே இரண்டு தடம் வெட்ட வேண்டும். நாளைக்கு அதை வயலில் இறக்கிக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். இரண்டு தடம்தானே, அதற்கு எதற்குத் துணை என்று அசட்டுத் தைரியத்தில் ஆரம்பித்துவிட்டாள்.

சரி, பார்த்துவிடுவோம் என்று செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு மெஷினைச் சுற்றி வந்தாள். குரல் வந்தது மெஷினின் முன்பக்கத்திலிருந்துதான், துணை ஆள் நிற்கிற இடத்திலிருந்து. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தரையில் எண்ணெயும் பிசிறும் கலந்து கிடந்ததன் மேல் புதுசாக அவளுடைய செருப்புத் தடம் மட்டும் இருந்தது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அலமாரிக்குப் பின்னால், வெல்டிங் சிலிண்டருக்குப் பின்னால், பழைய சோடாப் பெட்டிகளின் அடுக்குக்குப் பின்னால் எங்கேயும் ஒரு ஈ காக்கா இல்லை. சூடான எண்ணெய் வாசம், ஈர இரும்பு வாசம், கூரையில் ஒழுகிய இடத்தில் ஊறிப்போன சாக்கு வாசம், எல்லாம் தினமும் இருக்கிற வாசம்தான்.

குரலை மறுபடி மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஆண் குரலா பெண் குரலா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அது அலட்சியமாகச் சொன்ன “போடு” இல்லை. கையைப் பார்த்து, கட்டரைப் பார்த்து, பொறுப்பாகச் சொன்ன “போடு.” அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

குத்தாலிங்கத்துக்குப் போன் போட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

குத்தாலிங்கம் பண்பொழிக்காரர், பட்டறையில் பழைய உறுப்பினர். குற்றால சீசன் தொடங்கிய வாரத்தில் இன்னொரு உறுப்பினரான கடற்கரை அண்ணாச்சிக்குத் துணையாக நின்றவர். அண்ணாச்சி சுவிட்சுப் பக்கம் நின்று “போடுதேன்” என்று கத்தியதும், குத்தாலிங்கத்தின் குரலில் “போடு” என்று பதில் வந்ததும், ஷெட்டில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. அந்த நேரம் குத்தாலிங்கத்தின் வலது கை கட்டருக்கு அடியில் பிசிறைத் தட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் கேட்டது கையை இல்லை. “எவம்லே போடுன்னு சொன்னது?” என்றுதான் கேட்டார். நீங்கதான் சொன்னீங்க என்றார்கள். நான் சொல்லவில்லை என்று தலையில் அடித்துக்கொள்ளப் போய், அடிக்கக் கை இல்லாமல் அழுதார். வலியில் ஏதோ பேசுகிறார் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஜெயபிரியாவும்தான் விட்டுவிட்டாள். கடற்கரை அண்ணாச்சி அதற்குப் பிறகு பட்டறைப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை.

ஷட்டருக்கு வெளியே வந்து, சாரல் முகத்தில் அடிக்க நின்றுகொண்டு போன் போட்டாள்.

“அண்ணாச்சி, நான் ஜெயபிரியா பேசுதேன். காயம் எப்பிடி இருக்கு?”

“இருக்கு, இருக்கு. நீ எங்கன இருக்க?”

“பட்டறையிலதான்.”

“கூட யாரு?”

“யாரும் இல்ல அண்ணாச்சி. சாஜிதா போயிட்டா.”

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. டிவி சத்தத்தை யாரோ குறைத்தார்கள். பிறகு குத்தாலிங்கம் தணிந்த குரலில் கேட்டார்.

“பதில் வந்துச்சா?”

அவள் இன்னும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

“எனக்குக் கை போனதுக்கு முந்தின நாளு சாயங்காலம் வந்துச்சு தாயி. நானும் உன்னய மாதிரி தனியா நின்னு போட்டேன். பதில் வந்ததும் சிரிச்சேன். ரோட்டுல போற எவனோ சேட்டை பண்ணுதான்னு நெனச்சேன். மறுநாளு என் குரல்லயே அது சொல்லிட்டு. நான் வாயே தொறக்கல. கோயில்ல அடிச்சு வேணும்னாலும் சத்தியம் பண்ணுதேன், நான் வாயே தொறக்கல.”

“இதை ஏன் அண்ணாச்சி முன்னாடியே யார்ட்டயும் சொல்லல?”

“சொன்னா கிறுக்குப் பிடிச்சிட்டும்பாங்க. கையும் போயி பேரும் போணுமாக்கும்? நீ வீட்டுக்குப் போ. அது உன்னயப் பாத்துட்டு. கையைக் காப்பாத்திக்கோ.”

போனை வைத்த பிறகு ஜெயபிரியா தன் கையைப் பார்த்தாள். எண்ணெய் ஏறிய நகங்கள், சுட்டுவிரலில் பழைய வெட்டுத் தழும்பு, அம்மா போட்ட மோதிரத்தைப் பட்டறைக்கு வரும்போது கழற்றி வைத்துவிட்டு வந்த வெள்ளை வரி. இந்தக் கை இல்லாவிட்டால் அவள் என்ன? வரைந்து, அறுத்து, தேய்த்து, திருகி, சோறு போடுகிற கை. போய்விடலாம், இப்படியே ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு ஓடிவிடலாம் என்று கால்கள் துடித்தன.

ஆனால் காலையில் முதல் ஆளாக சாஜிதா வருவாள். துணைக்குப் பட்டறைக் கூட்டாளி ஜோயல் வருவான். ஜோயல் போடுதேன் என்பான். சாஜிதா கட்டருக்கு முன்னால் நிற்பாள். மெஷினில் ஏதோ இருக்கிறது, வராதே என்று போனில் சொன்னால், தன் வேலை முடிகிறவரை மெஷினை யாருக்கும் விடாமல் பிடித்துக்கொள்ள இவள் போடுகிற நாடகம் என்றுதான் சாஜிதா நினைப்பாள். போன வாரம்தான் அதற்கு ஒரு சண்டை நடந்திருந்தது.

ஜெயபிரியா தன் தம்பி பாண்டித்துரைக்குப் போன் போட்டாள். ஓசூரில் வேலை பார்க்கிறவன், லீவுக்கு வந்தவன், ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருந்தான்.

“ஏலே துரை, உடனே பட்டறைக்கு வா.”

“என்னக்கா, குரலே ஒரு மாதிரி இருக்கு?”

“வாலே முதல்ல.”

துரை ஈரத் தலையும் தேங்காய் எண்ணெய் வாசமுமாக பைக்கில் வந்து இறங்கினான். கையில் பொரித்த சிப்ஸ் பொட்டலம். அக்கா சொன்னது முழுவதையும் கேட்டுவிட்டு, சிப்ஸை மென்றுகொண்டே மெஷினை மேலும் கீழும் பார்த்தான்.

“பரவாயில்லையே, சேஃப்டி ரூல் எல்லாம் கரெக்டா தெரிஞ்ச பேயால்லா இருக்கு. எங்க கம்பெனியில மனுசனுக்கே தெரியல.”

“சிரிக்காதலே. எனக்கு ஈரக்குலை நடுங்குது.”

அவள் முகத்தைப் பார்த்து அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். பயந்த பிள்ளை இல்லை அவன் அக்கா. சின்ன வயதில் பாம்பு வந்தால் அவனைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டுத் தானே கம்பை எடுத்துக்கொண்டு போகிறவள்.

அவன் பக்கத்தில் நின்றதும் ஜெயபிரியாவுக்குப் பாதிப் பயம் இறங்கிவிட்டது. உயிருள்ள ஒரு ஆள், வாயில் சிப்ஸ் நொறுங்குகிற சத்தத்தோடு நிற்கும்போது, நடந்தது எல்லாம் பசி மயக்கத்தில் கேட்டதோ என்றுகூடத் தோன்றியது. துணையோடு போட்டால் என்ன வந்துவிடும் என்று தடத்தை முடித்துவிட நினைத்தாள். அவனை மெஷினுக்கு முன்னால், கட்டரிலிருந்து ஒரு எட்டுத் தள்ளி நிறுத்தினாள். நான் போடுதேன்னு சொன்னா உன் கை வெளிய இருக்கான்னு பாரு, இருந்தா மட்டும் போடுன்னு சொல்லு என்று இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தாள். அவன் ராணுவக்காரன் மாதிரி விறைப்பாக நின்றான்.

“போடுதேன்!”

“போடு!” என்று ஷெட்டே அதிரக் கத்தினான்.

மெஷின் ஓடியது. கட்டர் தட்டைத் தின்றது. பிசிறு பறந்து தரையில் மினுங்கியது. வேறு சத்தமே இல்லை. முதல் தடம் சுத்தமாக விழுந்தது. அணைத்துவிட்டு அளந்து பார்த்தாள், கச்சிதமாக இருந்தது. அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகக்கூட வந்தது.

இரண்டாவது தடத்துக்குத் தட்டைத் திருப்பி, மெஷின் டேபிளில் அதைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் இறுக்கிவிட்டு, பின்சுவருக்குப் போனாள். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மலைப் பக்கமிருந்து காற்று ஷட்டருக்கு அடியில் நுழைந்து, தரையில் கிடந்த பிசிறைக் கரகரவென்று இழுத்தது.

“போடுதேன்!”

“போடு!”

துரையின் குரல். அதே உரம், அதே இழுப்பு. விரல் சுவிட்சின் மேல் இருந்தது, அமுக்கப் போன விரல் ஏனோ நின்றது. ஏன் என்று அவளுக்கு உடனே தெரியவில்லை. பிறகு தெரிந்தது. சிப்ஸ் நொறுங்குகிற சத்தம் கேட்கவில்லை.

மெஷினின் ஓரமாகத் தலையை நீட்டி முன்பக்கம் பார்த்தாள். துணை ஆள் நிற்கிற இடம் காலி. பாதி இறங்கிய ஷட்டருக்கு அந்தப் பக்கம், ரோட்டோரம், துரையின் கால்கள் தெரிந்தன. போனை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தான். யாரிடமோ மாப்பிள மாப்பிள என்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் சுவிட்சிலிருந்து விரலை எடுத்தாள். நெருப்பைத் தொட்டது மாதிரி எடுத்தாள்.

“துரை!”

அவன் குனிந்து உள்ளே வந்தான். “என்னக்கா, போடலையா?”

“நீ போடுன்னு சொன்னியால?”

“நான் எங்க சொன்னேன்? வெளிய போன் பேசிட்டுல்லா நின்னேன்.”

“உன் குரலு. உன் குரல்லயே சொல்லுச்சு துரை.”

அவன் டார்ச் அடித்துக்கொண்டு சோடாப் பெட்டிக்குப் பின்னால் எல்லாம் தேடினான். “ஜோயல் அண்ணே, போதும், வெளிய வாங்க, அக்கா அழப்போகுது” என்று கூப்பிட்டுப் பார்த்தான். யாரும் வரவில்லை. திரும்பி வந்து அவள் தோளில் கை வைத்தான். “காலையிலருந்து சாப்பிட்டியா நீ? வா, வீட்டுக்குப் போலாம்” என்றான்.

அவன் நம்பவில்லை. ஜெயபிரியாவுக்கு அதில் கோபம்கூட வரவில்லை. அவள் மனசு வேறொன்றைக் கணக்குப் போட்டு முடித்திருந்தது. அது துரையின் குரலை எடுத்துவிட்டது. அவன் இனி இந்த மெஷின் பக்கம் நிற்கவே கூடாது. நாளைக்கு சாஜிதா நிற்கக் கூடாது. அவளுக்குத் தெரிந்து இந்த மெஷினில் கையைக் கடிக்கிற பல் ஒன்றே ஒன்றுதான், கட்டர். பட்டறையில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான், மற்றவையெல்லாம் முனை மழுங்கிச் சாணை பிடிக்க மதுரைக்குப் போயிருந்தன. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டால் மெஷின் வெறும் இரும்பு. யார் என்ன சொன்னால் என்ன, யார் எந்தக் குரலில் சொன்னால் என்ன.

கட்டரைக் கழற்றக் கையை அடியில் கொடுக்க வேண்டும். அதற்கும் வழி வைத்திருந்தாள். ஷட்டர் பக்கத்தில் இருக்கிற மெயின் போர்டைத் திறந்து, மூன்று பியூஸ் கட்டைகளையும் ஒவ்வொன்றாக உருவினாள். லைட் செத்தது, ஃபேன் செத்தது. வெள்ளைப் பீங்கான் கட்டைகளைத் துரையின் கையில் திணித்தாள்.

“இதை வச்சுக்கிட்டு வெளிய நில்லு. யார் கேட்டாலும் குடுக்காத. நான் கேட்டாலும் குடுக்காத. உள்ள மட்டும் வந்திராத.”

“நீ என்னக்கா பண்ணப்போற?”

“கட்டரைக் கழட்டப்போறேன். ரெண்டு நிமிசம்.”

“நான் கழட்டுதேன், குடு.”

“சொன்னதைக் கேளுலே!” என்று அவள் போட்ட சத்தத்தில் அவன் பேசாமல் வெளியே போய் நின்றான்.

கரண்ட் போன ஷெட் வேறு ஷெட்டாக இருந்தது. இதுவரை ஃபேன் சத்தத்துக்கு அடியில் ஒளிந்திருந்த சின்னச் சின்னச் சத்தங்கள் எல்லாம் வெளியே வந்தன. கூரையிலிருந்து சாக்கின் மேல் சொட்டு விழுகிற சத்தம், எங்கோ ஒரு தகரம் லேசாக விம்மித் தணிகிற சத்தம், தன் செருப்பு எண்ணெயில் ஒட்டிப் பிரிகிற சத்தம். செல்போன் டார்ச்சை மேசை மேல் மல்லாக்க வைத்தாள். வெளிச்சம் மேலே போய் மெஷினின் நிழலைக் கூரை முழுக்கப் போட்டது. ஷட்டருக்கு வெளியே துரையின் கால்கள் தெரிந்தன. அதைப் பார்த்துக்கொண்டால் தைரியமாக இருந்தது.

கட்டரைக் கழற்றுகிற முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மெஷினின் தலைக்கு மேலே இருக்கிற நட்டை இடது கையால் ஸ்பானர் போட்டுத் தளர்த்த வேண்டும். தளர்ந்ததும் கட்டர் பொத்தென்று விழும், விழுந்தால் முனை உடைந்துவிடும்; அதனால் வலது கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அடியில் ஏந்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் துணியை மடித்துக் கையில் வைத்தாள். கட்டருக்கு அடியில் கையைக் கொடுத்தாள். கட்டை விரல் பருமன், கீழே நான்கு பல். துணிக்கு மேலேயே அதன் குளிர்ச்சி உள்ளங்கையில் தெரிந்தது. கரண்ட் இல்லாத இரும்பு, கரண்ட் இல்லாத இரும்பு என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

ஸ்பானரை எட்டி நட்டில் மாட்டினாள். நட்டு அசையவில்லை. இன்னொரு இழுப்பு. அசையவில்லை.

அப்போதுதான் கீழே அந்தச் சத்தம் கேட்டது. டேபிளை மேலே தூக்குகிற ஹேண்டிலின் சத்தம். தினமும் அவள் கையால் சுற்றுகிற ஹேண்டில். கட்டக் என்று ஒரு பல் ஏறுகிற சத்தம்.

குனிந்து பார்த்தாள். ஹேண்டில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல். அளவு பார்த்துச் சுற்றுகிறவர்கள் சுற்றுவது மாதிரி.

டேபிள் ஏறியது. டேபிளோடு வைஸ் ஏறியது. வைஸில் இறுக்கிய தட்டு ஏறி அவள் புறங்கையைத் தொட்டது. கையை உருவினாள். உருவ முடியவில்லை. அதற்குள் தட்டு கீழிருந்து அமுக்கியது, கட்டரின் நான்கு பல்லும் மேலிருந்து துணியைத் துளைத்துக்கொண்டு உள்ளங்கையில் உட்கார்ந்தன. வலிக்கவில்லை. வெட்டவில்லை. நசுக்கக்கூட இல்லை. பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ஹேண்டில் நின்றது.

ஸ்பானரை விட்டுவிட்டு இடது கையால் ஹேண்டிலைப் பிடித்துத் திருப்பினாள். முழு பலத்தையும் போட்டாள். அது அசைந்தது, திரும்பி அதே இடத்துக்கு வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி வந்தது. இரும்பு இறுகிப்போனால் இப்படி இருக்காது. அந்தப் பக்கம் யாரோ பிடித்துக்கொண்டிருந்தால்தான் இப்படி இருக்கும்.

வியர்வை கண்ணில் இறங்கியது. கடவுளே, கடவுளே. கரண்ட் இல்லை. பியூஸ் தம்பியிடம் இருக்கிறது. கட்டர் சுற்றாது. சுற்றாமல் வெட்டாது. அவனைக் கூப்பிட்டால் வந்து ஹேண்டிலைத் திருப்பி எடுத்துவிடுவான். அவ்வளவுதான். கூப்பிட வேண்டியதுதான்.

“துரை” என்று கூப்பிட்டாள்.

காற்று மட்டும் வந்தது.

மறுபடி வாயைத் திறந்தாள். நாக்கு அசைந்தது, உதடு அசைந்தது, தொண்டை நரம்பு புடைத்தது. சத்தம் இல்லை. இடது கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். இருமிப் பார்த்தாள். இருமலுக்கும் சத்தம் இல்லை. ஏதாவது ஒன்றைத் தட்டலாம் என்று கால் எட்டிய சோடாப் பெட்டியை உதைத்தாள். அது ஈரச் சாக்கின் மேல் சரிந்து, சத்தம் போடாமல் உட்கார்ந்தது.

பின்சுவர்ப் பக்கம், சுவிட்சு இருக்கிற இடத்தில், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பிறகு அவள் குரல் கேட்டது.

“போடுதேன்!”

அவளுடைய குரல்தான். அதில் பயம் துளிகூட இல்லை. தினமும் காலையில் வேலை தொடங்கும்போது இருக்கிற தெளிவு, கடைசி எழுத்தை அவள் வெடுக்கென்று நிறுத்துகிற நிறுத்தல். அவள் குரல் அங்கே போய்விட்டது. இங்கே வாயும் கையும் மட்டும்தான்.

பதில் வரவில்லை. சாரல் மட்டும்.

பதில் சொல்லாதே துரை. சொல்லாதே. நான் இல்லை அது. மனசுக்குள் கத்தினாள். உள்ளங்கையில் நான்கு பல்லும் நான்கு குளிர்ந்த புள்ளிகளாக இருந்தன. அசையாமல் இருந்தன. காத்திருந்தன. துணை ஆள் பதில் சொல்லாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. அது முறை தெரிந்தது. ரூல் தெரிந்த பேய் என்று துரையே சொன்னானே.

“போடுதேன்!” என்று அவள் குரல் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டது. இந்தத் தடவை அதில் செல்லமான ஒரு அதட்டல்கூட இருந்தது. தம்பியை அவள் அதட்டுகிற அதட்டல்.

வெளியே கால்கள் திரும்பின. ஷட்டருக்கு அடியில் துரை குனிந்தான். மெஷினின் தலையும் நிழலும் அவளை மறைத்திருந்தன, அவனுக்கு அவள் தலை மட்டும்தான் தெரிந்திருக்கும். அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம் என்று வெறிபிடித்தது மாதிரி ஆட்டினாள். கூரையில் அவள் நிழலும் ஆடியது. அவன் அதைப் பார்த்தான். அக்காவுக்குப் பயம் தெளிந்து விளையாட்டு வந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பான். அவன் முகம் அப்படி மலர்ந்தது.

அவள் வாயை அகலத் திறந்தாள். ஒன்றுமில்லை.

துரை ஷட்டருக்கு இந்தப் பக்கம் வந்து நிமிர்ந்து நின்றான். விறைப்பாக. சொல்லிக்கொடுத்தபடி குனிந்து தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டான். கை வெளியேதான் இருந்தது. மூன்று பியூஸ் கட்டைகளையும் தலைக்கு மேலே தூக்கி, ஒன்றோடொன்று கிலுகிலுவென்று ஆட்டிக் காட்டினான்.

“போடு!” என்றான், வாய் நிறையச் சிரிப்போடு. “பியூஸ் எங்கிட்டல்லா இருக்கு, தாராளமாப் போடு!”

பின்சுவரில் சுவிட்சு அமுங்கியது.

மேலே ஃபேன் ஓடவில்லை. லைட் எரியவில்லை. துரை கையைத் தூக்கியபடி சிரித்துக்கொண்டே நின்றான். அவள் உள்ளங்கையில், துணிக்கு அடியில், முதல் பல் மெதுவாக நகர்ந்தது.